பசை ஊற்றிய சக்கரம்

என் பாசத்துக்குரிய குணா மச்சானுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. உன் தங்கை மாலா நலம். ஆபீசில் என் மேசைக்கு எதிரே உன் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் சில நாட்களாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

லாரி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போவில், டர்பைன் சக்கரத்துக்கும் அதைச் சுற்றியிருக்கும் கூட்டுக்கும் நடுவே முடியளவு சந்து. எஞ்சின் புகை சக்கரத்தைச் சுழற்றாமல் அந்தச் சந்து வழியே நழுவி எவ்வளவு வீணாகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டியவன் நீ. ஒவ்வொரு கணக்கும் முடிந்ததும், உலு திராம் ஊர்ப் பட்டறையிலிருந்து தூக்கி வந்த பழைய டர்போவின் சந்துக்குள், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்ப்பாய். "கம்ப்யூட்டரு நாம சொல்றத நம்பிரும் மாப்ள. இரும்பு நம்பாது" என்பாய்.

போன மாதம், நீ தொடங்கி வைத்த புதுச் சக்கரத்துக்குக் கணக்குப் போட்டேன். அந்த இடைவெளியைச் சேர்த்தால் கணக்கு பாதியிலேயே நின்றுவிட்டது. மேனேஜர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மணியம், அந்த கேப்ப இப்போதைக்கு மூடிடுங்க லா. வியாழக்கிழமை கஸ்டமர் வர்றாங்க."

"மூடுனா லீக்கேஜே இருக்காது பாஸ். எஃபிஷியன்சி நம்பர் பொய்யா ஏறிடும்."

"ஏறட்டுமே. அப்புறம் தெறந்துக்கலாம்."

நிஜத்தில் மூடினால் சக்கரத்தின் இறக்கைகள் கூட்டில் உரசி நொறுங்கிவிடும். முதல் ஓட்டம்தானே என்று மூடினேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. எண் அழகாக ஏறி வந்தது. அப்படியே அறிக்கையில் போட்டுவிட்டார்கள். முதல் பக்கத்தில், 'அமரர் குணசேகரனின் கணிப்பு முறைப்படி' என்று உன் பெயர். பொய்க்குச் சந்தனம் பூசி மாலை போட்டது போல இருந்தது. த்தூ.

வியாழக்கிழமை கைதட்டல், பிறகு தேத்தாரே டீ, உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப். "குணா இருந்திருந்தா ரொம்ப பெருமைப்பட்டிருப்பாரு" என்றார் மேனேஜர், வாய் நிறைய உருளைக்கிழங்கோடு. துப்பிவிட்டு எழுந்து போயிருக்க வேண்டும் நான். மென்று விழுங்கினேன். கையும் தட்டினேன், மச்சான்.

அன்றைக்கே உன் பழைய டர்போவை மினுக்கி, பலகையில் பொருத்தி, பித்தளைத் தகட்டில் உன் பெயரைப் பொறித்து என்னிடம் கொடுத்தார்கள். வீட்டில் மாலா அதை உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "அண்ணன் எப்பவும் இத சுத்தி விட்டுக்கிட்டே இருக்கும்ல" என்று விரலால் தள்ளினாள். சக்கரம் அசையவில்லை. ஆடாமல் இருக்கட்டும் என்று சந்து முழுக்கப் பசை ஊற்றி வைத்திருக்கிறார்கள்.

"என்னங்க, யாரு இப்படி பண்ணது?"

இங்கே ஊற்றியவன் எவனோ. கம்ப்யூட்டரில் ஊற்றியவன் நான். அவர்கள்மேல் இருந்த அருவருப்பு மொத்தமும் அந்த நொடியில் என்மேல் திரும்பியது.

மறுநாளே கம்ப்யூட்டரில் அந்த இடைவெளியைத் திறந்து மறுபடியும் கணக்கை ஓட்டினேன். சரியாக ஓட மூன்று நாள் பிடித்தது. எண் மளமளவென்று இறங்கி, நீ முன்பு சொன்ன இடத்துக்கே வந்து நின்றது. மேனேஜரிடம் காட்டினேன்.

"இப்ப எதுக்கு இத நோண்டுறீங்க? வெளிய போனா தப்பு உங்க பேருலதான் விழும். வேலையும் போயிரும், பார்த்துக்குங்க."

"என் பேருல விழட்டும் பாஸ். செத்தவன் பேருல விழ வேணாம்."

இடைவெளியை மூடியது நான்தான், குணாவுக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று கஸ்டமருக்கு எழுதி, இன்று காலை அனுப்பிவிட்டேன். நீயாக இருந்தால் முதல் நாளே மறுத்திருப்பாயா? இல்லை, நீயும் 'அப்புறம்' என்று சொல்லியிருப்பாயா? தெரியவில்லை. மேனேஜர் இன்னும் கூப்பிடவில்லை.

மாலா பக்கத்தில் உட்கார்ந்து ஊசியால் பசையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். சக்கரம் லேசாக அசைய ஆரம்பித்திருக்கிறது. உன் ஃபீலர் கேஜ் என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் எங்கே வேலை பார்த்தாலும் சரி, உன் பெயர் போட்ட எந்தக் கணக்கிலும் அந்தத் தகடு நுழைய இடம் இருக்கும். இது சத்தியம்.

உன் தங்கையைக் கட்டியவன்,
மணியம்