ஓய்வுநாளில் காய்ந்த துணி

அன்புள்ள மினாவுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அங்கே நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் முழங்கால் உட்பட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் சித்தி எழுதிவிடுவாள், அவள் எழுதினால் கொடியில் இன்னும் நாலு உருப்படி கூடிவிடும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓய்வுநாளில் துரும்பைக்கூட நகர்த்தாத நம் கடலோர ஊரில், தெருவே பார்க்க, நான் துணி காயப்போட்டேன். வேண்டுமென்று இல்லை. அந்த வாரம் வியாழக்கிழமை பரமேறுதல் பண்டிகை, ஞாயிற்றுக்கிழமைக்குச் செய்கிற மாதிரியே முந்தின நாளே உருளைக்கிழங்கு உரித்து வைத்து, கறுப்பு உடுப்பு போட்டு, ஆராதனைக்குப் போய் உட்கார்ந்ததில் என் தலைக்குள் ஒரு கிழமை நழுவிவிட்டது. சனிக்கிழமையை வெள்ளி என்று நினைத்து முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போய் வந்தேன், மறுநாள் பாட்டுப் பாடிக்கொண்டே கொடியில் கிளிப் மாட்டினேன். அப்பா கறுப்புக் கோட்டும் கையில் வேதாகமமுமாக வெளியே வந்து, "ஏன்டி, கோயிலுக்கு இந்த ஏப்ரனோடயா வரப்போற?" என்று கேட்டபோதுதான் மணிச்சத்தம் என் காதில் விழுந்தது.

தொங்கியதும் சாமானியமான துணி இல்லை. அப்பாவின் நீளமான உள்ளாடைகள், கடல் காற்றில் கால்களை வீசி, கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டுகிற மாதிரி. நேரம் பார்த்து வந்த சோதனை, ஏனென்றால் அடுத்த வாரம் சபையில் உதவிக்காரர் தேர்தல், அதில் அப்பா பேர் இருந்தது. அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் கஷ்டப்படுகிற வீட்டுக்குப் போய் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று கேட்கிற அந்த வேலைக்கு எத்தனை வருஷமாக ஏங்கியிருக்கிறார் என்று உனக்கே தெரியும். நான் பதறிப்போய்த் துணியை எடுக்கப் போனால் தடுத்துவிட்டார். "எடுக்கிறதும் வேலைதானே" என்றார். "அப்ப தொங்கட்டுமாங்க?" என்றேன். "தொங்குறது வேலை இல்ல" என்றார். வேதசாஸ்திரத்தில் இந்த மனிதரை ஜெயிக்க முடியாது. அப்படியே விட்டுவிட்டுப் போனோம். பிரசங்கம் பாதி வந்ததும் முன்வரிசையிலிருந்து வாராவாரம் பின்னால் என்னிடம் நீளும் கொர்னேலியாவின் பெப்பர்மின்ட் அன்று நீளவில்லை. முந்தின நாள் உரித்து வைக்காததால் மதியம் உருளைக்கிழங்கும் இல்லை, ரொட்டிதான்.

செவ்வாய்க்கிழமை சபை மூப்பர் வெர்ஹாகே வந்தார். காபி குடித்தார், என் வெண்ணெய்க் கேக்கைத் தொடவில்லை, அதிலேயே விஷயம் பெரிசு என்று தெரிந்துவிட்டது. "மரினஸ், நீயா பேரை எடுத்துட்டா உனக்கும் மரியாதை, சபைக்கும் மரியாதை" என்றார் அப்பாவிடம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஞாயித்துக்கிழமை இல்லத்துல நான் சூப் கிண்டுறேன், ஆள் குறைஞ்சா படுக்கை விரிப்பும் துவைக்கிறேன், அதுக்கு மட்டும் யாரும் வரலியே மூப்பரே" என்றேன். "அது இரக்கத்தின் கிரியை, டானா. அங்க தேவை இருக்கு" என்றார். "இவருக்கும் தேவைதான், மாத்திப் போட வேற இல்ல" என்றேன். அவர் இருமினார், நான் அதைச் சிரிப்பு என்றே கணக்கில் எடுத்துக்கொண்டேன். ஆனால் மினா, அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. அதே கை, அதே சோப்பு, இரக்கம் எந்த வாசலில் நின்றுவிடுகிறது, பாவம் எந்த வாசலில் ஏறிக்கொள்கிறது? உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "பக்கத்து வீட்டு சஸ்கியா ரொட்டர்டாம் பட்டணத்துக்காரி, கோயில் வாசலை மிதிச்சதில்ல. இங்க வந்ததுலேர்ந்து ஒரு ஞாயித்துக்கிழமைகூட அவ கொல்லையில துணி காயப்போட்டதில்ல. நம்ம மனசு நோகக் கூடாதுன்னு. நாம ஒருத்தராவது நன்றி சொல்லியிருக்கோமா? விசுவாசம் இல்லாதவ இந்த நாளை மதிக்கிறா, நாம அதையே கம்பா வச்சு ஒருத்தரை ஒருத்தர் அடிக்கிறோம். பேரை வேணும்னா எடுத்துக்குங்க, ஆனா இதை யோசிங்க." தகவல் கொடுத்தது நான்தான், பக்கத்துக் கொல்லையைக் கவனிப்பது இந்த வீட்டில் என் இலாகா. மூப்பர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு கேக் எடுத்தார்.

பேர் நிலைத்தது, அப்பா இப்போது உதவிக்காரர். சபைக்கு வெளியே இருந்தும் இந்த நாளைக் கனம்பண்ணுகிற அயலாருக்காகப் போதகர் ஜெபத்தில் ஸ்தோத்திரம் சொன்னார், கொர்னேலியா பெப்பர்மின்ட் இரண்டாக நீட்டினாள். அப்பா ஒரு கூடை ஸ்ட்ராபெர்ரியோடு சஸ்கியா வீட்டுக் கதவைத் தட்டி நன்றி சொல்லிவிட்டு வந்தார். எதற்கென்று புரியாத மாதிரி முழித்தாளாம், என்ன தாழ்மை பார் என்று வீட்டுக்கு வந்து கண் கலங்கினார். உன் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை போடுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். நிம்மதியாகப் போய்வா. உனக்கு ஓய்வு கிடைக்கிற நாளில் உன் இடத்தில் நிற்கிறவளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல், அது போதும்.

உன் வேலையிலும் வீட்டிலும் கர்த்தருடைய சமாதானம் தங்கட்டும். சித்திக்குப் பிறந்தநாள் அட்டை அனுப்ப மறக்காதே, போன வருஷம் நீ மறந்ததை அவள் மறக்கவில்லை.

முத்தங்களுடன்,
உன் அம்மா டானா

பின்குறிப்பு: கூடையைத் திரும்ப வாங்க நேற்று சஸ்கியா வீட்டுக்குப் போனேன். அவள் கொல்லையில் கொடியே கிடையாது, எல்லா நாளும் மெஷினில்தான் உலர்த்துகிறாளாம். நான்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டிப் பார்த்திருக்கிறேன்.