கண்ணாடி பிடிக்காமல் எழுதிய கண்

வெள்ளிக்கிழமை, ராத்திரி.

மத்தியானம் எதிர்வீட்டு கஸ்தூரியின் கைக்குழந்தையைப் புதைத்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற பேய் ஊருக்குள் வந்துவிட்டது. முதலில் ரெண்டு கன்றுக்குட்டி, இப்போது குழந்தை. இத்தனை காலமும் கோயில் மதில்மேல் இருக்கிற சுதை பூதம்தான் அதை எல்லையிலேயே மறித்து நின்றது.

அந்த பூதத்துக்குப் புது வர்ணம் அடித்துக் கண் திறந்தவள் நான். கண் எழுதும்போது எதிரே கண்ணாடி பிடிக்கணும், முதல் பார்வை மனுஷர்மேல் விழக்கூடாது என்று மேஸ்திரி படித்துப் படித்துச் சொன்னார். நான் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன். இருபது நாளாகச் சாரத்தில் அந்தக் கோபமான முகத்தோடு பேசிக்கொண்டிருந்தவள், அவன் முதலில் என்னைத்தான் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பார்த்தான். அப்புறம் மலைப்பக்கம் திரும்பவே இல்லை.

கஸ்தூரி என் தோளில் விழுந்து அழுதாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

சாயங்காலம் சாரத்தில் ஏறி அவனிடம் கத்தினேன். "அது உன்ன தாண்டித்தான உள்ள போச்சு? நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"உன்னப் பாத்துக்கினு இருந்தேன்."

அப்புறம் அவனே சொன்னான்: "கண்ண அழிச்சிட்டு வேற எழுது, மலரு. இந்தத் தடவ கண்ணாடி புடி."

"என்ன மறந்துடுவியா?"

"ஆமா."

விடிந்ததும் ஏறணும். கறுப்பு கலந்து வைத்துவிட்டேன். கண்ணாடி தொலைந்து போயிருக்கக் கூடாதா என்று பையைக் கொட்டிப் பார்த்தேன். இருந்தது. கீறல்கூட இல்லை.