வெள்ளை விளக்கு

கிண்ணியா
12.03.2007

அன்பு மகன் முஸம்மிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். நான் சொல்ல, றேடியோ திருத்துகிற ஸெய்னுதீன் எழுதுகிறார்.

உம்மாவுக்கென்று நீ கட்டாரில் செய்து அனுப்பிய விளக்குப் பெட்டி வந்து சேர்ந்தது. படகுத் துறையில் ஆமிக்காரன் வயரைக் கண்டதும் துவக்கைத் தூக்கிவிட்டான். நான் சிவப்புப் பிடியைத் தள்ளிக் காட்டினேன், விளக்கு எரிந்தது. "பேச ஏலாத பொம்பிளைக்கு, மாத்தயா" என்றேன். தானும் ஒருக்கால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் விட்டான்.

பாரிசவாதத்தில் உன் உம்மாவின் பேச்சுப் போனதிலிருந்து, அவளுக்கு என்ன வேணும் என்று விளங்காமல் கிடந்து உழன்றேன். இப்போது அவள் கட்டிலில் பிடியைத் தள்ள, நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாலும் அங்குள்ள விளக்கு சொல்லிவிடுகிறது. நீலம் தண்ணீர், சிவப்பு நோவு, மஞ்சள் கக்கூசு, பச்சை யன்னல். உன் கைக்கு அல்லாஹ் பரக்கத் செய்வான்.

வெள்ளை எதற்கென்று நீ சொல்லவில்லை. அவள் பக்கத்தில் அதற்குப் பிடியும் இல்லை, வெறும் துவாரம்தான். ஆனாலும் அடிக்கடி எரிகிறது. என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று போய், பக்கத்தில் இருந்து கதைக்கிறேன்.

இப்படிக்கு,
வாப்பா ஸஹாப்தீன் (பெருவிரல் அடையாளம்)

தோகா
02.04.2007

அன்புள்ள வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். வெள்ளை உங்களைக் கூப்பிடவில்லை, வாப்பா. அது பெட்டியின் கோளாறு.

உள்ளே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்ற மூளைக்கு ஒரு காதுதான். மல்டிபிளெக்சர் என்ற சில்லு பிடிகளை ஒவ்வொன்றாக அந்தக் காதில் சேர்க்கும். பிறகு தேவைப்படும் என்று விட்ட ஐந்தாவதற்கு, அந்த வெள்ளைக்கு, பிடி இல்லாததால் அதன் வயர் அந்தரத்தில் நிற்கிறது; முந்தின பிடியின் மின்சாரமோ கிட்ட வரும் கையோ அதை உசுப்பிவிடும். பச்சையைத் தள்ளினால் வெள்ளையும் எரிகிறதா? கை கிட்டப் போனால் மினுங்குகிறதா? ஓம் என்றால் ஸெய்னுதீன் காக்கா அந்த வயரைக் கறுப்பு வயரோடு ஒட்டிவிடட்டும். நீங்கள் சும்மா எழும்பி நடந்து களைக்க வேண்டாம்.

அன்பு மகன்,
முஸம்மில்

கிண்ணியா
25.04.2007

அன்பு மகனுக்கு,

நீ சொன்னது சரி. பச்சையைத் தள்ள வெள்ளையும் அரைவாசி எரிந்தது. பச்சையை இறக்கின பிறகும் உம்மாவின் கை துவாரத்துக்குக் கிட்டப் போனால் மினுங்கியது. ஸெய்னுதீன் வயரை ஒட்டினார், வெள்ளை செத்தது. "இனி ஆறுதலாச் சமைங்க காக்கா" என்றார்.

எங்கே ஆறுதல்? நேற்று நான் சோறு கொண்டுபோனேன். உம்மா அந்த வெறும் துவாரத்தில் விரலை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி கிடந்தாள். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாளோ. கை வைத்தால் நான் வருவேன் என்று பழகியிருக்கிறாள். நான் பக்கத்தில் இருந்து, புயல் வருசம் நனைந்த றேடியோவை நீ கழற்றி வெயிலில் பரப்ப, அவள் அகப்பையோடு துரத்தின கதையைச் சொன்னால் இப்பவும் பாதி வாயால் சிரிப்பாள்.

அது உனக்குத்தான் கோளாறு மகன், எங்களுக்கு இல்லை. அந்த இடத்துக்கும் ஒரு பிடி போட ஏலுமா?

வாப்பா (பெருவிரல் அடையாளம்)

கிண்ணியா
03.06.2007

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய பிடி கிடைத்தது. ஸெய்னுதீன் தன் ஒட்டைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டினார். இப்போது பச்சையைத் தள்ளினால் வெள்ளை அசையாது. வெள்ளைப் பிடியைத் தள்ளினால் மட்டும் எரியும். நான் போய், "என்ன வேணும்?" என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் இருக்கச் சொல்லிப் பக்கத்துக் கதிரையை மட்டும் கண்ணால் காட்டினாள். மகன், உனக்கு எப்படி நன்றி

தம்பி முஸம்மில், இது ஸெய்னுதீன். இந்த இடத்தில் வெள்ளை எரிந்தது, வாப்பா எழும்பிப் போய்விட்டார். உள்ளே புயல் கதை நடக்கிறது. தபாலகம் மூடப் போவதால், இம்முறை விரல் அடையாளம் இல்லாமலே அனுப்புகிறேன்.