ஆண்டாயி அம்மாளின் தாலி

உமையொரு பாகன் துணை

குன்னூர்,
விக்கிரம ஆண்டு, மாசி மாதம்

சௌபாக்கியவதி ஷண்முகப்ரியாவுக்கு அப்பா மனமார வாழ்த்தி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கீர்த்திவாசனும் குழந்தை அஸ்வந்தும் மஸ்கட்டில் இறையருளால் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடலளவில் நானும் அம்மாவும் சுகம். மனத்தளவிலும் அப்படியே என்று எழுதக் கை கூசுகிறது.

ஊர் நிலைமை கேட்டிருந்தாய். பச்சைத் தேயிலை விலை அடியோடு விழுந்துவிட்டது. கீழ்வீட்டு லெஸ்லி, பறித்த கொழுந்தை ஆலையில் வாங்க மறுத்ததால் சாலையோரம் கொட்டிவிட்டுத் திரும்பினார். தோட்டங்களில் வேலையில்லாமல் இளைஞர்கள் திருப்பூருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்படித் தன் மகனைப் பேருந்தேற்றி அனுப்பிய ஒருவர்தாம் சென்ற வெள்ளிக்கிழமை முற்பகல் நம் வாசலில் வந்து நின்றார். என்னிலும் வயதில் மூத்தவர்; இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிவந்து கூடலூர்ப் பக்கம் ஸ்ரீமதுரையில் குடியேறியவர். யார் வந்தாலும் நாற்காலியில் சாய்ந்தபடி ஊர்க்கதை கேட்பவள் உன் அம்மா. வந்தவர், தாம் ஸ்ரீமதுரையிலிருந்து வரும் செல்லையா, ஆண்டாயி மகன் என்றார். அவ்வளவுதான். அம்மா சட்டென்று எழுந்தாள், முந்தானையை இழுத்துப் போர்த்தினாள், கதவுக்குப் பின்னால் போய் ஒதுங்கி நின்றாள். நம் வீட்டு வழக்கத்தில் ஒரு பெண் அவ்வாறு நிற்பது மாமனாருக்கு முன்னும், கணவனுடைய தமையனுக்கு முன்னும்தான். எனக்கு ஏது தமையன்? இவளுக்கு என்ன நேர்ந்தது என்று விழித்தேன்.

வந்தவரோ, "மருதாசலம் கணக்கப்பிள்ளை வீடு இதானுங்களாய்யா? ரெண்டு வார்த்தை கதைச்சிட்டுப் போயிர்றேன், வேற ஒண்ணும் வேணாம்" என்றார். சென்ற ஆடியில் அவர் தாய் காலமானார். அதுவரை தந்தை யாரென்று சொல்லாதவர், கண்மூடும் முன்புதான் சொன்னாராம்: கண்டிப் பக்கத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாயிருந்த கோயமுத்தூர் மருதாசலம், தாலி கட்டியவர், பிள்ளை பிறந்தபின் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. உடலைக் குளிப்பாட்ட வந்த பெண்கள், தாலியோடு எடுப்பதா, கழற்றிவிட்டு எடுப்பதா, உன் அப்பன் இருக்கிறானா இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள்; அது இவருக்கும் தெரியாது. மூக்கம்மா என்ற முதியவள்தான், "கட்டுனவன் செத்ததக் கண்டது யாருடி? அவ பூவும் பொட்டுமாப் போகட்டும், வாய மூடுங்க" என்று அதட்டி அனுப்பிவைத்தாளாம். அதன்பின் செல்லையா கூடலூர்ச் சந்தையில் கோவை வியாபாரிகளையெல்லாம் விசாரித்து நம் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். "தலைத் திவசம் வருதுங்கய்யா. ஐயரு அப்பன் பேரு கேப்பாரு, இருக்காரா இல்லையான்னும் கேப்பாரு. எங்கம்மா சுமங்கலியாத்தான் போச்சா? அத மட்டும் சொல்லுங்க."

நான் சினந்தேன். என் தந்தை மணந்தது என் தாயை மட்டுமே, வேறொரு மருதாசலத்தைத் தேடிப் போங்கள் என்றேன். மார்கழிதோறும் கோயிலில் இராமபிரானின் ஏகபத்தினி விரதத்தை விரித்துரைக்கையில் என் தந்தையையே எடுத்துக்காட்டாகச் சொன்ன வாயல்லவா இது! அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. "ஏனுங்க, அவரத் தொரத்தாதீங்க. எனக்கு அவரு மூத்தாருங்க."

காலடியில் மலை சரிந்தாற்போலிருந்தது, மகளே. என் தந்தை நோயில் கிடந்தபோது பணிவிடை செய்த மருமகளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். தம் தாய்க்கு உடல்நலம் கெட்டு ஊர் வந்தாராம். பெரியவர்கள் கட்டாயப்படுத்தி என் தாயை மணமுடித்துவிட்டார்களாம். அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லையாம். "அத்தை காதுக்கும் உங்க காதுக்கும் போகக் கூடாதுன்னு மாமா சத்தியம் வாங்கீட்டாருங்க. ஆனா ஆண்டாயி மகன்னு ஆராச்சும் வந்தா வாசல்ல நிறுத்திப் போடாதேன்னாருங்க" என்கிறாள். இத்தனை ஆண்டுகள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா எனக்குச் சோறு பரிமாறினாள்?

செல்லையாவுக்கு நான்தான் விடை சொல்ல வேண்டியிருந்தது. தந்தை மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்றேன். "அப்ப அத்தன வருசமும் செத்தவருக்குத்தான் பொட்டு வச்சிருக்கு எங்கம்மா. நல்லவேள, அதுக்குத் தெரியாமப் போச்சு" என்று சிரித்தார், சிரிக்கும்போதே கண்கள் நிறைந்தன. அந்தச் சிரிப்பு என் தந்தையின் சிரிப்பு. அதைக் கண்டபின் எனக்கு ஐயம் எழவில்லை. தந்தை மறைந்த அன்று ஊர் கூடி என் தாயின் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றியது நினைவுக்கு வந்தது. முதல் தாலியோ அப்போது ஸ்ரீமதுரையில் ஒருவரும் அறியாமல் மஞ்சள் பூசிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கற்ற நூல்களில் எதுவும் இதற்கு எனக்கு ஆறுதல் தரவில்லை.

ஆடியில் பவானிக் கூடுதுறையில் அவர் எள்ளும் நீரும் இறைக்கட்டும், தந்தையின் பெயரைத் தாராளமாகச் சொல்லட்டும், நானும் உடன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இனி என் தந்தைக்கும் அவர் முதலில் இறைப்பார், நான் பின்னர். தம்பி என்று அழையுங்கள் என்றேன். "வாய் வர மாட்டேங்குதுங்கய்யா" என்கிறார். உன் அம்மாவோடு நான் இன்னும் முகம்கொடுத்துப் பேசவில்லை. காபி வைக்கிறாள், குடிக்கிறேன். தொலைபேசியில் அவளைக் கடிந்துகொள்ளாதே. அவள் காத்தது பெரியவருக்குக் கொடுத்த வாக்கு. சினம் என்னுடையது, அது தணிய நாளாகும்.

குழந்தையை வெயிலில் அலையவிடாதே. ஆடியில் விடுமுறைக்கு வரும்போது ஸ்ரீமதுரைக்கும் செல்ல வேண்டும்; பெரியப்பா என்று அழைத்து மூவரும் வணங்கி எழுங்கள். சகல மங்களங்களும் பெற்று, உன் மஞ்சளும் குங்குமமும் நீடு நிலைக்க அம்மையப்பனை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
உன் தந்தை,
மருதாசலத்தின் இளைய மகன்
வெள்ளியங்கிரி