என் கட்டைவிரலுக்குத் திறந்த போன்

பெரும்பாக்கம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அன்புக்கரசிக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்காலைத் தவிர, அதுவும் நேற்று தி.நகரில் அவள் நடந்த நடைக்கு வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தைவானில் குளிர் குறைந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. போனில் சொல்லலாம் என்றால் நான் பாதி சொல்வதற்குள் உன் அம்மா பிடுங்கி மீதியை மாற்றிச் சொல்லிவிடுகிறாள், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், முடித்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் படித்துக்கொள்.

விஷயம் என்னவென்றால், உங்கள் கம்பெனி விரல் பார்க்கும் பாகம் செய்துகொடுத்த புது போன், சின்னது நடுத்தரம் பெரியது என்று மூன்றாக வருகிறது என்றாயே, அது நேற்றுதான் இங்கே கடைக்கு வந்தது. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டையோடு பதினொரு மணிக்கெல்லாம் பனகல் பார்க் பக்கம் போய் இறங்கிவிட்டோம். கடையில் மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தார்கள். தீபிகா என்று பேர் அட்டை குத்தியிருந்த பெண் வந்து, எந்த மாடல் பாக்கறீங்க அங்கிள் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, "வாங்க வர்லம்மா, எங்க பொண்ணு செஞ்ச போனு, எப்டி கீதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை, இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டாள்.

பெரியதைக் கையில் எடுத்தேன். சுற்றிலும் டைட்டானியம் சட்டமாம். இருபத்தாறு வருஷம் டைல்ஸ் போட்டவன், இரண்டு சேருகிற இடத்தில் மயிரிழை ஏற்ற இறக்கம் இருந்தாலும் என் நகம் சொல்லிவிடும், கண்ணாடியும் உலோகமும் சேரும் இடத்தை நாலு பக்கமும் தடவினேன், ஒன்றுமே தட்டவில்லை. பின்பக்கம் செராமிக் என்றதும் எனக்கு ஒரே பெருமை, அது நம் சரக்கு அல்லவா. கேமராவை உன் அம்மா பிடித்துக்கொண்டாள். உள்ளே வெளிச்சத்தை மடக்கி அனுப்புகிற லென்ஸ் இருக்கிறது, அதனால்தான் போன் தடிக்காமலே தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுகிறது என்று தீபிகா சொல்லிக்கொண்டே இருக்க, இவள் அதை வாசல் கண்ணாடிப் பக்கம் திருப்பி, எதிர்ச்சாரிக் கடைப் பொம்மை கட்டியிருந்த புடவையின் விலைச்சீட்டைப் படித்துவிட்டாள். அதோடு விட்டாளா, "அந்த வெலைக்கு இது ஆவாதுமா, ஓரம் பாரு, பிசிர் அடிச்சிக்கினு கீது" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள். போன் வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் அவள் பின்னால் நின்று புடவையை எட்டிப் பார்த்தார்கள். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்றதற்கு, ஒரு பக்கெட் கொண்டுவரச் சொல்லிக் கேட்டாள், நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

பிறகு வந்த காரியத்தைக் கேட்டேன். என் விரலை வைத்துப் பார்க்கலாமா என்று. காட்சிக்கு வைத்த போனில் அது முடியாதாம். மேனேஜர் கரீமுல்லா கேட்டுக்கொண்டே வந்தார், காலையில்தான் தனக்கென்று ஒன்று வாங்கினாராம், "என்னோடதுல வைங்க நைனா" என்று நீட்டினார். விரலைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன். உனக்குத் தெரியும், சிமெண்டும் ஆசிடும் தேய்த்து என் விரல் வழவழவென்று ஆகிப் போனது. ரேஷன் கடையில் எப்போதும் உன் அம்மா விரல்தான். நீ பிளஸ் டூ படிக்கும்போது ஒரு ஆபீசில், துடை, கழுவு, அழுத்து என்று ஒன்பது தடவை வைக்கச் சொல்லிவிட்டு, "இவருக்கு ரேகையே இல்லப்பா" என்று ஒருவர் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொன்னார். நீ என் பக்கத்தில் நின்றாய்.

கரீமுல்லா போனின் கண்ணாடிமேல் ஒரு வட்டம் தெரிந்தது. வெளிச்சம் இல்லை நைனா, காதுக்கு எட்டாத சத்தம் உள்ளேயிருந்து போய்த் தோலின் மேடு பள்ளத்தில் பட்டுத் திரும்பும் என்று நீ சொன்னாயே, டைல்ஸைத் தட்டி அடியில் கலவை நிரம்பாத இடத்தைக் காதால் கண்டுபிடிக்கிற மாதிரிதான் என்று நானும் புரிந்துகொண்டேன். கட்டைவிரலை எடுத்து எடுத்து வைத்தேன், பதிந்துவிட்டது என்றார். திரையை அணைத்துக் கொடுத்தார். தொட்டேன், திறந்தது. மறுபடி அணைத்தார், மறுபடி திறந்தது. ஏழு தடவை, உன் அம்மா எண்ணினாள். எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை, தீபிகா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். போன பொங்கலுக்கு நீ ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து என் விரலையும் என்னோடு வேலை செய்யும் இசக்கிமுத்துவின் தேய்ந்த விரலையும் மணிக்கணக்காக வைத்து வைத்து எடுத்தாய், ஆபீஸ் வேலை என்றாய், நானும் டீ குடித்துக்கொண்டே கையைக் கொடுத்தேன். எதற்கென்று நேற்றுதான் எனக்கு உறைத்தது கண்ணு.

கிளம்பும்போது கரீமுல்லா என் ரேகையைப் போனிலிருந்து அழித்தார். உன் அம்மா சண்டைக்குப் போய்விட்டாள், "இருந்துட்டுப் போவட்டுமே சார், இன்னா எடத்தையா அடைக்குது" என்று. "அப்புறம் என் பேங்க் கணக்கை நைனா தொறந்துடுவாரே" என்று அவர் சிரித்தார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக வா வா என்கிறாய், ஆதம்பாக்கம் வேலை முடியட்டும், கோபாலபுரம் வேலை முடியட்டும் என்று நான் சொன்னதெல்லாம் பொய். பாஸ்போர்ட்டுக்கு விரல் வைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும் பயந்துவிட்டேன், அதை உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இன்று காலை பக்கத்து வீட்டு ஸஹானா எங்கள் இரண்டு பேருக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள். வியாழக்கிழமை வடபழனி பக்கம் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போகிறோம். அங்கே மெஷின் என்னைப் படிக்காவிட்டால் ஒதுங்கி நிற்க மாட்டேன். "ரேகை கீது சார், மெஷினுக்குத்தான் தெர்ல, இன்னொரு தபா பாருங்க" என்று சொல்வேன்.

நீ தலை நிமிர்ந்து, நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து நல்லா இருக்க வேண்டும். எண்ணெய் வைக்காமல் தலையைக் காய விடாதே. முக்கியமாக, பாசத்தில் அந்தப் பெரிய போனை வாங்கி அனுப்பிவிடாதே. டிக்கெட் எடு. ஜன்னல் சீட்டு உன் அம்மாவுக்கு.

உன் நைனா,
அம்மாசி