மூன்று போதும் என்று எழுதிவிட்டேன்

மார்ச் 3
ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் பதினாறு நாள். அக்கா தொலைபேசியில், "உன் ஆய்வு என்னன்னு என் மாமியார் கேட்கிறாங்க, புரியிற மாதிரி சொல்லுடி" என்றாள்.

சொன்னேன். மூன்றுக்கு மூன்றாய் ஒன்பது கட்டம், ஒவ்வொன்றும் ஒரு கேள்வி, பதில் கூட்டல் குறி அல்லது கழித்தல் குறி. குவாண்டம் துகளிடம் குறுக்கே மூன்று கேட்டாலும் நெடுக்கே மூன்று கேட்டாலும் பதில்கள் ஒரு விதிக்குள் அடங்கும். ஆனால் ஒன்பது பதிலையும் முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது, எங்காவது உதைக்கும். சாதாரண இயந்திரம் அப்படி நடிக்க வேண்டுமானால், கேட்டதை நினைவில் வைத்துத் தன் நிலையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை நிலை? மூன்று போதும் என்கிறேன்.

"மூணுதானா? இதுக்கா அஞ்சு வருஷம்?"

மார்ச் 6
இயந்திரத்தைச் சோதித்த கணினி நிரலை மறுபடி படித்தேன். நேரம் மிச்சமாகட்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன் — ஒவ்வொரு சோதனையும் குறுக்கே தொடங்கினால் குறுக்கேயே முடியும், நெடுக்கே தொடங்கினால் நெடுக்கேயே. நடுவில் தாவும்படி நான் கேட்டதே இல்லை. எப்படி விட்டேன்?

மார்ச் 7
தாவிக் கேட்டேன். குறுக்கே கேட்டபோது கூட்டல் என்று சொன்ன கட்டமே, நெடுக்கே போய்த் திரும்பிக் கேட்டால் கழித்தல் என்கிறது. துகள் அப்படி மாற்றிச் சொல்லாது. நான்கு நிலை வேண்டும். ஐயோ, கட்டுரைத் தலைப்பிலேயே மூன்று என்று இருக்கிறதே! என் வழிகாட்டி மேடம் பெயரும் சேர்ந்து இதழில் வந்தாயிற்று. ஓர் ஆய்வு நிறுவனம் எனக்கு வேலை தருவதாகச் சொன்னதும் அதைப் பார்த்துத்தான்.

யாரும் நிரலைத் திறக்கமாட்டார்கள். திறந்தால்?

மார்ச் 10
நிரலைத் திறந்தேன். மூடினேன்.

மார்ச் 12
மேடத்தின் அறைக்கதவு வரை போய் இரண்டு முறை திரும்பினேன். மூன்றாம் முறை அவரே திறந்தார். "என்னம்மா, காவலுக்கு நிக்கிறியா?"

அழுதுவிட்டேன். நிரலைக் காட்டினேன். வரி வரியாகப் படித்தார். அப்புறம், "போன வருஷம் கருத்தரங்குல ஒருத்தர் இதையேதான் கேட்டார். அதெல்லாம் சோதிச்சாச்சுன்னு சொல்லிட்டேன். திறந்து பார்க்க எனக்குப் பயமா இருந்துச்சு."

மேடத்துக்கே பயமா? எனக்கு இன்னும் அதிகமாகிவிட்டது.

மார்ச் 13
கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதினார். தவறுக்குப் பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை முதலில் போட்டிருந்தார். மாற்றச் சொன்னேன். "பேசாம கையெழுத்துப் போடு."

மார்ச் 19
தேர்வு நடக்கவேண்டிய நாள். நடக்கவில்லை. வேலையும் இல்லை என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. காலையிலிருந்து மேடமும் நானும் நான்கு நிலை இயந்திரத்திடம் தாவித் தாவிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஒரு பதிலும் தவறவில்லை. ஒவ்வொரு முறை நான் பொத்தானை அழுத்தும்போதும் மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். பிடிப்பது அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. நான் சொல்லவில்லை.