ஒன்பதாம் மேசையின் எண்ணிக்கை

அன்புள்ள கணக்கு வாத்தியாருக்கு,

ஓவிய வாத்தியார் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் நலமும், அந்த ஊர்க் குளிரில் உன் முழங்காலின் நலமும் அறிய ஆவல்.

உனக்கு விருது என்ற செய்தி வந்த அன்று ஆசிரியர் அறையில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் மூன்று பேர் காரணம் சொல்லாமல் மிட்டாய் வாங்கி வந்திருந்தார்கள். வேதியியல் அம்மாவிடம் என்ன விசேஷம் என்று கேட்டேன். "சும்மாதான் சார், எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டல் தப்பினால் சாக்பீஸை விட்டெறிகிற உனக்கு ஜனநாயகம் காத்தவர்களுக்கான விருது! எனக்குச் சிரிப்பு வந்தது.

விழாவுக்குக் கோட்டு தைத்துவிட்டாயா? டை கட்டத் தெரியாமல் கடைசி நேரத்தில் அல்லாடாதே. இப்போதே யாரிடமாவது கற்றுக்கொள்.

மேடையில் படிக்கப்போகும் உரையை அனுப்பி, பிழை பார்க்கச் சொல்லியிருந்தாய். மொழியில் குறையில்லை. எண்ணிக்கையில்தான் ஒரு பிழை. ஒன்பதாம் மேசையில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட மறுத்தோம் என்று எழுதியிருக்கிறாய். இருவர் இல்லை. ஒருவர்.

வாக்கு எண்ணிய அன்று நடந்ததில் நீ பாதிதான் பார்த்தாய். நாம் எண்ணி எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு எண்கள் எழுதிய தாளை மேற்பார்வையாளர் நீட்டினார். நீ முடியாது என்றாய். இரண்டு போலீஸ்காரர்கள் உன்னைத் தோளைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். வாசலில் நீ திரும்பிப் பார்த்தபோது நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டிருந்தேன். அதை வைத்துத்தான் நீ என்னையும் கணக்கில் சேர்த்திருக்கிறாய்.

நீ போன பிறகு அவர் என்னிடம் குரலைக்கூட உயர்த்தவில்லை. "உங்க பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்குது சார்?" என்று மட்டும் கேட்டார். நான் பேனாவை மறுபடி எடுத்தேன். கை நடுங்கியிருந்தாலாவது எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஏதோ இருந்திருக்கும். எப்போதும் போல அழகாகவே கையெழுத்துப் போட்டேன். நீ கேட்காததால் இந்த ஆறு வருடமும் சொல்லவில்லை என்று சமாளிக்கலாம். மறைத்தேன் என்பதுதான் சரி.

உன் உரையை என் மகளும் படித்துவிட்டாள். அவளுக்கு இப்போது பதினேழு வயது. "நீங்களுமாப்பா? ஏன் இத்தனை நாளா சொல்லவே இல்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து காலையில் அவளே எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன்னிடம் இதையும் ஒளிக்கவில்லை.

ஆனால் நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் ஆட்சியில் இருப்பவர்களிடம் இருக்கிறது. நீ இருவர் என்று சொன்ன மறுநாளே என் கையெழுத்தைப் பத்திரிகையில் போட்டு, இந்த ஆள் சொல்வது அத்தனையும் பொய் என்பார்கள். நாம் எண்ணிய நிஜமான எண்களையும் அதோடு சேர்த்துப் புதைத்துவிடுவார்கள். தப்பான எண்ணிக்கைக்கு ஒருமுறை உடன்பட்டாயிற்று. இன்னொரு முறை என்னால் ஆகாது.

நேற்று மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்று காலை தேநீர் என் மனைவி கையிலிருந்து வந்தது. மனைவிக்கு எல்லாம் நான் கையெழுத்துப் போட்ட அன்றே தெரியும். "இன்னைக்கே எழுதிப் போட்டுடுங்க. அவர் மேடை ஏறதுக்குள்ள போய்ச் சேரணும்" என்றாள்.

ஆகவே அந்த வரியை அடித்துவிடு. என்மேல் இரக்கப்பட்டுப் பூசி மெழுகாதே. பயந்துபோனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல நேர்ந்தால், அந்தக் கணக்கில் என்னைச் சேர்த்துக்கொள். மேடையில் நிமிர்ந்து நில். கைதட்டல் அடங்குமுன் பேச ஆரம்பித்துவிடாதே, நீ ஒரு அவசரக்குடுக்கை. நீண்ட நாள் நலமாக இரு. இதற்குப் பதில் போடு என்று கேட்க எனக்கு முகமில்லை. ஒருவேளை போட்டால், பழையபடி 'டேய் ஓவியம்' என்றே ஆரம்பி.

கீழே இருப்பது என் கையெழுத்து. இந்தத் தாளை யாரும் என் முன்னால் நீட்டவில்லை.

உன்,
ஓவியம்